உப்புக்காற்றில் 14 மாதம் ஓடிய டிஸ்ப்ளே திரை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கடல் காட்சிக்கூடம் நடத்துகிறோம். சங்கு, சிப்பி, உலர்த்திய பாசி, கிழிந்த பழைய வலை, தனுஷ்கோடி போட்டோக்கள், மூன்று கண்ணாடி அலமாரி, ஒரு நீள மேசை. அவ்வளவுதான். இங்கே ஒரு 43 இன்ச் கமர்ஷியல் டிஸ்ப்ளேயும் (கடை, அலுவலகம் மாதிரி பொது இடங்களுக்கென்று செய்த திரை) ஒரு 32 இன்ச் டச் திரையும் மாட்டி 14 மாதம் ஆகிறது. கீழக்கரையில் இருந்தும் தேவிபட்டினத்தில் இருந்தும் பள்ளி ஆசிரியர்கள் போன் பண்ணி, "டீச்சர், நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. எந்த வகைத் திரை, எதைப் பார்த்து வாங்கணும் என்பதுதான் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உதவும்.

முதலில் எதற்குத் திரை? பாசிக்காகத்தான். மரிக்கொழுந்துப் பாசியை வெயிலில் காயவைத்து அட்டையில் ஒட்டினால் சில மாதத்தில் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். கஞ்சிப்பாசியும் அப்படித்தான். கட்டக்கோரை கறுத்துச் சுருங்கி, புகையிலை போல ஆகிவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது அகர் எடுக்கிற பாசி, இது அல்ஜினேட் எடுக்கிற பாசி" என்று (இரண்டுமே பாசியில் இருந்து எடுக்கிற கூழ் போன்ற பொருட்கள்) பிள்ளைகளுக்குச் சொன்னால், எல்லாம் ஒரே சருகாகத்தான் தெரியும். 31 வருஷம் பாடம் எடுத்த எனக்கு அது பெரிய குறை. தண்ணீருக்குள் அவை அசைகிறபோது எப்படி இருக்கும் என்று காட்ட வேறு வழி இல்லை.

ஆரம்பத்தில் பழைய மாணவர்கள் ஆசையாக ஒரு வீட்டு டிவி வாங்கிக் கொடுத்தார்கள். 7 மாதம் ஓடியது. ஒருநாள் படம் விட்டு விட்டு வந்தது. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஹெச்டிஎம்ஐ சொருகும் இடத்தில் செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடித்த மாதிரி பச்சை. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். உப்பு அரிப்பு வாரண்டியில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விற்கும்போது "எங்கே மாட்டப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைகள் கைக்காசு போட்டு வாங்கித் தந்த பொருள் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கரண்ட் போய் வந்தால் டிவி சிவப்பு விளக்கோடு தூங்கிக்கொண்டே நிற்கும். யாராவது ரிமோட்டை அழுத்த வேண்டும். ராமேஸ்வரம் போகிற வழியில் வேன் நிறுத்தி ஒரு கால் மணி நேரம் எட்டிப் பார்க்கிறவர்கள் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்போது இருக்கும் கமர்ஷியல் டிஸ்ப்ளே, அதே அளவு வீட்டு டிவியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. கொடுத்த காசுக்கு நியாயம் செய்கிறது. கரண்ட் வந்ததும் தானாக எழுந்து, பென் டிரைவில் இருப்பதை முதலில் இருந்து ஓட்டுகிறது. நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே செய்தது. வெளிச்சம் 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு). வீட்டு டிவிகள் பெரும்பாலும் 250, 300 அளவில்தான் இருக்கும். எங்கள் வாசலுக்கு வெளியே வெள்ளை மணல், நடுப்பகலில் அந்தக் கூச்சம் அப்படியே உள்ளே வரும். 500 இருந்தும் வாசலைப் பார்த்து மாட்டியபோது கடல்தான் திரையில் தெரிந்தது. பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகே படம் தெளிந்தது. வாங்கும் முன் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அந்தச் சுவருக்கு எதிரே நின்று பாருங்கள்.

நெட்டுக்குத்தாக மாட்டலாம் என்பது அடுத்த நல்ல விஷயம். வீட்டு டிவியை அப்படி நிறுத்தினால் சூடு வெளியேறும் பாதை மாறிப்போகும். இதை அதற்கென்றே செய்திருக்கிறார்கள். நெட்டுக்குத்துத் திரையில் பாம்பன் பாலத்தைக் காட்டிப் பாருங்கள்! 1914ல் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகள் இரண்டு பக்கமும் எழுந்து விரிந்தன, ஆட்கள் கையால் இயக்கித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுத்தவாக்கில் 17 மீட்டர் மேலே போகும். என் பழைய மாணவன் ஒருத்தன் இரண்டையும் 40 விநாடிப் படமாக வரைந்து கொடுத்தான். அதற்கு முன் நான் வாயால் விளக்கினால் பாதிப் பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இப்போது தாங்களே இரண்டு கையையும் தூக்கி "பழசு இப்படி, புதுசு இப்படி" என்று செய்து காட்டுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் திரையில் ஏற்றக் கூடாது என்றும் இதே கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் போன தனுஷ்கோடியின் போட்டோக்களை ஸ்லைடாகப் போட்டிருந்தோம், ஒவ்வொன்றும் 8 விநாடி. தங்கச்சிமடத்தில் இருந்து வந்த ஒரு பெரியவர் இடிந்த ஸ்டேஷன் படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தொடங்கினார். படம் மாறிவிட்டது. அது திரும்பி வரும்வரை கைத்தடியை ஊன்றி நின்றார். வந்தது, மறுபடி மாறியது. மூன்று சுற்று நின்றார். யாரைத் தேடினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே அந்தப் படங்களைத் திரையில் இருந்து எடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம். மற்ற ஸ்லைடுகளுக்கும் 20 விநாடி வைத்தோம். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டவும் நேரம் வேண்டுமே.

தமிழ் எழுத்து எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. திரையோடு வந்த ஆப்பில் "மரிக்கொழுந்து" என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாகச் சிதறி, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று நிற்கும். கட்டக்கோரைக்கும் அதே கதி. ஒரு பாசியின் பெயரைச் சரியாக எழுத முடியாத திரை எங்களுக்கு எதற்கு? விற்றவரைக் கேட்டால் "இங்கிலீஷ்ல போட்டுக்குங்க மேடம்" என்றார். பாசி எடுக்கிற பெண்கள் பார்க்கிற கூடம் இது. கடைசியில் வழி சுலபமாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் தமிழைச் சரியாக அமைத்து, எழுத்தும் படமும் சேர்த்து ஒரே படமாகவோ வீடியோவாகவோ சேமித்து ஏற்றினால் சிதறாது. கடையிலேயே "கொ, கோ, கௌ, ஸ்ரீ" நான்கையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் சரியானது. நிறம் சரியில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை, ஒரு அப்பத்தா சொல்லும்வரை. 50 வருஷமாகப் பாசி எடுக்கிறவர். திரைக்கு முன்னால் நின்று, "டீச்சரு, இது மரிக்கொழுந்து இல்லத்தா. சாயம் முக்குன மாதிரில இருக்கு" என்றார். போட்டோ அதேதான், அவர் ஊருக்கு எதிர்க்கடலில் எடுத்தது. மறுநாள் கடலில் இருந்து நேராக வந்தார். ஈரச் சேலை, விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கச் சுற்றிய துணி அப்படியே, கையில் ஒரு பிடி பாசி. அதைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. கையில் இருந்தது மங்கிய கருஞ்சிவப்பு, நுனியில் லேசாக மஞ்சள். திரையில் இருந்தது ரோஸ்!

கடையில் கண்ணைப் பறிக்கட்டும் என்று கம்பெனிக்காரர்கள் 'விவிட்' என்ற அமைப்பில் வைத்து அனுப்புகிறார்கள், வெள்ளையும் நீலம் பாய்ந்துதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, கொஞ்சம் மஞ்சள் சாயும் 'வார்ம்' பக்கம் கொண்டுவந்து, நிறத்தின் அடர்த்தியை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ம், நிப்பாட்டு. இப்பத்தான் கடலுக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு." அந்த அளவைத் தாளில் குறித்துத் திரைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். யாரும் அதைத் தொடக் கூடாது.

டச் திரையையும் அப்பத்தா அன்றைக்கே சோதித்தார். வாங்கும் முன் ஒரு டேப்லெட்டை வைத்து முயற்சி செய்தபோது, காய்ப்புக் காய்த்த விரலையும் துணி சுற்றிய விரலையும் அது கண்டுகொள்ளவே இல்லை. அதனால் சட்டத்தில் அகச்சிவப்புக் கதிர் ஓடுகிற வகையாகப் பார்த்து வாங்கினோம். கதிரை எது மறித்தாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அதில் வரைந்திருக்கிறோம். அப்பத்தா துணி சுற்றிய விரலாலேயே குருசடையைத் தொட்டார், திறந்தது. மனோலியைத் தொட்டார், திறந்தது. இதில் குறையும் உண்டு. சட்டத்தில் பல்லி ஓடினாலும் தீவு திறக்கும், சாய்வெயில் விழுந்தால் தடுமாறும், தூசி படிந்தால் ஒரு மூலை செத்துவிடும். தினமும் காலையில் மெல்லிய பிரஷ்ஷால் நான்கு ஓரமும் தட்டுகிறோம்.

பராமரிப்பு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்தே வரும். லேசாக ஈரம் செய்த துணியால் முதலில் உப்பை எடுத்துவிட்டு அப்புறம் காய்ந்த துணி. காய்ந்த துணியை முதலில் போட்டால் மணல் கீறிவிடும். பயன்படுத்தாத துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டோம். விடுமுறை என்று நாள்கணக்கில் அணைத்துப் போடுவதில்லை, தினம் சில மணி நேரமாவது ஓடவிடுகிறோம். உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. 14 மாதத்தில் பச்சை பிடிக்கவில்லை. மாதச் சந்தா கட்டி இன்டர்நெட் வழியாக ஓட்டுகிற வசதியையும் விற்கப் பார்த்தார்கள். ஒரே கூடம், ஒரே திரை என்றால் பென் டிரைவே தாராளம்.

கட்டக்கோரைப் படத்தின் நிறம் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. அப்பத்தாவிடம் கேட்டேன். "இப்பத் தடைக்காலம், பாசி வளரட்டும்னு நாங்களும் இறங்குறதில்ல. முடிஞ்சதும் ஒரு கொத்து ஈரத்தோட கொண்டாறேன், வச்சுப் பாப்போம்" என்றிருக்கிறார்.