மறைந்த புள்ளியும் கடையில் கிடைத்த பதிலும்

வடபழனியில் ஒரு மாடியில் இயங்கும் இந்த டாட்டூ கடையில், கடந்த பிப்ரவரி மாதம் என் வலது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டில் வந்து முடியும்படி, ஆச்சியின் பெயரைக் குத்திக்கொண்டேன். ‘செண்பகம்’ என்ற ஐந்து எழுத்துகளுக்கு 4,000 ரூபாய் வாங்கினார்கள். கடை சுத்தமாக இருக்கிறது. ஊசியை என் கண்ணெதிரே உறையிலிருந்து பிரித்தார்கள். கையுறையை நடுவில் ஒருமுறை மாற்றினார்கள். அவற்றில் குறை இல்லை. குத்திய வேலை சரியாக வராதபோது இந்தக் கடை என்னிடம் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் நான் எழுத வந்தேன். பிடிக்காத புடவையைப் பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் அதற்கு வழியில்லை.

சிக்கல் ஊசி படுவதற்கு முன்பே தொடங்கியது. கணினியில் பெயரை அடித்து, குத்துவதற்கு வழிகாட்டியாகத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் அச்சை எடுத்துக் கையில் ஒட்டியபோது, கொம்பு ‘ச’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ‘ண’வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படம் வரையும் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் தமிழ் இப்படி உடைவதுண்டு. வேலை செய்த தம்பிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் அவர் அதைக் கோடாகப் பார்த்தாரே தவிர, சொல்லாகப் படிக்கவில்லை. நான் சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றித் துடைத்துவிட்டுப் புதிய ஸ்டென்சில் எடுத்தார். அப்போதே அவர் இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். மை தோலுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவும் என்பதால், ‘ண’ போன்ற நெருக்கமான சுழிகள் உள்ள எழுத்தைச் சிறிதாகக் குத்தினால் சுழிகள் நாளடைவில் அடைபட்டுப் போகும். எழுத்தின் அளவைக் கூட்டலாமா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்த பிறகு பார்த்தால், ‘ண’வின் சுழிகளைச் சுற்றி ஈரத்தாளில் பேனா மை ஊறியது போல நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தது, கடைசி ‘ம’வின் மேல் இருந்த புள்ளியைக் காணவில்லை. ஆச்சி ‘செண்பகம’ ஆகிவிட்டாள். பகல் வெளிச்சத்தில் நான்கு படங்கள் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது: “அக்கா, தண்ணி பட்டிருக்கும், நீங்க சரியா பாத்துக்கல. எங்க சைடுல மிஸ்டேக் இல்ல. ஆறு வாரம் கழிச்சு டச்சப்புக்கு வாங்க.”

ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னது சரியான யோசனை. ஆறாத தோலில் மறுபடி ஊசி போட்டால் இருப்பதும் கெடும். ஆனால் கையை நேரில் பார்க்கும் முன்பே குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்ட அந்தப் பதில்தான், மங்கிய எழுத்தைவிட என்னை அதிகம் நோகச் செய்தது. படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது காட்டிய பணிவு பணம் கைமாறியதும் எங்கே போயிற்று என்று அன்று இரவே ஒற்றை நட்சத்திர விமர்சனம் ஒன்றை எழுதி, வெளியிடாமல் வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்துச் சென்றபோது உரிமையாளர் இருந்தார். அவர் என்னை உட்காரச் சொல்லாமல் முதலில் வாசலுக்கு, வெயில் விழும் இடத்துக்கு அழைத்துச் சென்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேள்விகள் கேட்டார்: எந்த சோப்பு, எந்த களிம்பு, நீச்சல் உண்டா, பொருக்கைப் பிய்த்தேனா, அந்தக் கையில் வளையல் போடுவேனா. வளையல் போட்டிருந்தேன், ஒருமுறை அது பொருக்கில் சிக்கி இழுத்தது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாடியிருக்கலாம். அவர் சொன்னது வேறு: “புள்ளி போனதுக்கு உங்க வளையலும் காரணமா இருக்கலாம், எங்க ஊசி மேலாக்கப் போனதும் காரணமா இருக்கலாம். ஆனா ‘ண’ எங்க தப்புதான் மேடம். மையை அவ்வளவு ஆழத்துக்கு எந்த வளையலும் தள்ளாது.”

விளக்கத்தையும் அவரே சொன்னார். மை நிற்க வேண்டியது மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்கு மேலேயே நின்றுவிட்டால் தோல் உரியும்போது மையும் உதிர்ந்துவிடும். அதைத் தாண்டிக் கீழே போனால் கொழுப்புப் படலத்தில் கலந்து பக்கவாட்டில் பரவும். முன்கையின் உட்புறத் தோல் மெல்லியது என்பதால் அங்கே கை கொஞ்சம் அழுந்தினாலும் இது நேரும். ஐந்தெழுத்துக்குள் ஒரே கை மேலாகவும் ஆழமாகவும் போயிருக்கிறது என்பதை, வேலை செய்த தம்பியையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே, அவரைத் திட்டாமல் சொன்னார்.

என் ஆச்சியின் கையில் குறவர் பெண் ஒருவர் குத்திய கோலப்புள்ளிகள் இருந்தன. மண்ணிறத் தோலுக்கு அடியில் கரி மை பச்சையாகத் தெரியும் என்பதால்தான் அதற்குப் பச்சை குத்துதல் என்று பெயர் வந்திருக்க வேண்டும். நான் பார்த்த காலத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து பாசி படர்ந்ததுபோல் இருந்தன. யாரிடம் போய்ச் சொல்லுவது என்று அவள் நினைத்ததாகவே தெரியவில்லை. 4,000 ரூபாய் கொடுத்த பேத்திக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி என்ன செய்யலாம் என்பதில்தான் இந்தக் கடை என் மதிப்பைப் பெற்றது. புள்ளியை அன்றே இலவசமாக அவரே குத்தினார். ‘ண’வைத் தன்னால் பழையபடி ஆக்க முடியாது என்று நேராகச் சொன்னார். எழுத்தைத் தடிமனாக்கினால் படலம் மறையும், ஆனால் சுழிகள் அப்போதே அடைபடும். பழையதன் மேலேயே வேறு படம் குத்தி மறைக்கும் கவர் அப் செய்தால் புதிய படம் பழையதைவிடப் பெரிதாகவும் கருமையாகவும் இருந்தாக வேண்டும். லேசர் வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும், ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் ஆகலாம். டாட்டூவை அழிக்கும் என்று விற்கும் க்ரீம்களை வாங்க வேண்டாம், மை இருக்கும் ஆழத்துக்கு அவை போவதில்லை. செண்பகப் பூ ஒன்றை வரைந்து மறைக்கலாம் என்று ஓவியம்கூடப் போட்டுக் காட்டினார். நான் வேண்டாம் என்றதும் வற்புறுத்தவில்லை. பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று நான் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருந்தும், 2,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினார். விமர்சனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

மனக்குறை ஒன்று மிச்சம். குத்திய அன்று எடுத்த, பளிச்சென்ற என் கையின் படம் அவர்கள் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகவே இருந்தது. நீக்கச் சொன்ன பிறகு அதை நீக்கப் பதினொரு நாள் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதும் இன்னும் அதே தம்பிதான்.

என் சித்தி மகள் அடுத்த மாதம் அங்கே போகிறாள். உரிமையாளரே குத்துவதாக இருந்தால் மட்டும் முன்பணம் கட்டு, ஸ்டென்சில் ஒட்டியதும் அவர்களையே வாய்விட்டு வாசிக்கச் சொல், வளையலை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.