நான்கணிக் குழுவா, ஒற்றைப் பட்டியலா, படிநிலை லீக்கா: ஆசியத் தகுதிச் சுற்றில் ஹரிமாவ் மலாயாவுக்கு எது தோது?

2024 ஜூன் 11 இரவு கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் சீன தைப்பேயை 3-1 என்று வென்ற பிறகும் ஹரிமாவ் மலாயா, அதாவது மலேசியக் கால்பந்து அணி, 2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. குழுவில் முதல் இருவருக்கே வழி: ஓமான் 13 புள்ளி, கிர்கிஸ்தான் 11, மலேசியா 10. "ஒரு புள்ளியில போச்சு" என்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இன்னமும் சொல்வார்கள். கணக்கு வேறு. ஓமானிடம் ஓர் ஆட்டத்தைச் சமன் செய்து 11 புள்ளியைத் தொட்டிருந்தாலும் நம் கோல் வித்தியாசம் +2தான், கிர்கிஸ்தானுக்கு +6. கதவு மார்ச்சிலேயே மூடத் தொடங்கிவிட்டது: 21ஆம் தேதி மஸ்கட்டில் 0-2, 26ஆம் தேதி சொந்த அரங்கில் 0-2. ஆறே ஆட்டம் உள்ள குழுவில் ஒரு மோசமான வாரம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

2026 உலகக் கிண்ணத்துக்கு ஆசியா வைத்த முறை இதுதான். கடைசித் தரவரிசையில் உள்ள 20 அணிகள் முதல் சுற்றில் மோதி 10 ஆகும். பிறகு 36 அணிகள், ஒன்பது குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இருவருக்கு வழி. உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஆறு ஆட்டம், மூன்று ஃபிஃபா இடைவேளைகளில் (கிளப் ஆட்டங்களை நிறுத்தித் தேசிய அணிகளுக்கு விடும் நாட்களில்) முடிந்துவிடும். கீழிருந்து ஏறவே முடியாது என்பது தவறு. இந்தோனேசியா முதல் சுற்றில் தொடங்கி நான்காம் சுற்றுவரை 20 ஆட்டம் ஆடியது. ஆனால் அதே இந்தோனேசியாவிடம் மொத்தம் 0-12 என்று தோற்ற புருணைக்கு உலகக் கிண்ணப் பாதை இரண்டே ஆட்டத்தில் முடிந்தது. ஆட்டமே கிடைக்காத அணி எப்படித் தேறும்?

எல்லாரும் எல்லாருடனும் மோதும் தென்னமெரிக்க லீக்கை இங்கே கொண்டு வரலாமே என்பவர்களுக்கு: அங்கே இருப்பது 10 நாடுகள். அதற்கே 18 ஆட்டம், 2023 செப்டம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை இரண்டு ஆண்டு. ஆசியாவில் 46 அணிகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பாணி ஒற்றைப் பட்டியல்: குழுவே கிடையாது, எல்லா அணிகளும் ஒரே புள்ளிப் பட்டியலில். 36 என்ற எண் அப்படியே பொருந்துகிறது. தரவரிசைப்படி ஒன்பது ஒன்பதாக நான்கு தொகுப்பு; ஒவ்வொன்றிலிருந்தும் இரு எதிரணி, ஒன்று உள்ளூரில், ஒன்று வெளியூரில்; எட்டு ஆட்டம், நான்கு இடைவேளை; முதல் 18 அணிகள் மேலே. பெரிய லாபம் ஒன்று உண்டு. நான்கணிக் குழுவில் தொகுப்புக்கு ஓர் அணிதான் என்பதால், உங்கள் தொகுப்பைச் சேர்ந்த அணியை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். ஒற்றைப் பட்டியலில், மூன்றாம் தொகுப்பிலிருந்த மலேசியாவுக்கு, அதே தரத்திலுள்ள தாய்லாந்தோ பிலிப்பீன்ஸோ கிடைக்கும்.

சிக்கல் விலகும் அணியால் வரும். 2024 மார்ச்சில் பியோங்யாங்கில் நடக்க வேண்டிய வட கொரியா-ஜப்பான் ஆட்டம் ரத்தாகி, 3-0 என்று ஜப்பானுக்குப் போனது. ஆப்பிரிக்காவில் எரித்திரியா விலகி அதன் குழுவில் ஓர் அணி குறைந்தபோது, இரண்டாம் இட அணிகளை ஒப்பிட, மற்றக் குழுக்களில் கடைசி அணியுடனான முடிவுகளைக் கழித்தார்கள். புர்கினா ஃபாசோவின் 21 புள்ளி 15 ஆனது, நைஜீரியாவின் 17உம் 15 ஆனது. கோல் வித்தியாசத்தில் நைஜீரியா முன்னேறியது. கடைசி அணியை வென்றதே தண்டனையாகிவிட்டது. ஒற்றைப் பட்டியலிலோ இப்படிக் கழிக்கவும் வழியில்லை. எட்டு எதிரணிகளின் கணக்கும் கோணலாகும். கடைசி நாளில் 18 ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்றால், தோக்கியோவில் இரவு 9 மணி, ரியாத்தில் பிற்பகல் 3 மணி. ஜூன் மாதமாக இருந்தால் யார் ஆடுவார்கள்?

மூன்றாவது, தரத்துக்கேற்ப அடுக்கிய படிநிலை லீக்: ஒரே தரத்து அணிகள் ஒரு படியில் மோதும், முதலில் வந்தால் மேற்படி, கடைசியில் வந்தால் கீழ்ப்படி. ஐரோப்பா இதை நேஷன்ஸ் லீக் என்ற பெயரில் 2018இல் தொடங்கியது. ஜார்ஜியா யூரோ 2024 தகுதிக் குழுவில் நான்காம் இடம்தான். ஆனால் மூன்றாம் படியில் வென்றதால் பின்வாசல், அதாவது கூடுதல் தகுதி ஆட்ட வாய்ப்பு, திறந்தது, கிரீஸைப் பெனால்டியில் வீழ்த்திப் போட்டிக்குப் போய் போர்த்துகலை 2-0 என்று வென்றது. ஃபிஃபா தரவரிசைக் கணக்கிலும் லாபம்: இடைவேளையில் ஆடும் நட்பு ஆட்டத்தின் எடை 10, படிநிலை லீக் ஆட்டத்துக்கு 15.

குறையும் உண்டு. ஜப்பான், கொரியா போன்றவை கோலாலம்பூருக்கு வரவே மாட்டா. நுழைவுச்சீட்டு வருமானம் அடிபடும். கீழ்ப்படிக்குப் பின்வாசல் தாராளமாக இருந்தால் மேலே ஏற யாருக்கும் ஆசை இருக்காது. ஆகவே படிக்கு ஓர் இடம் போதும்.

இருந்தாலும் என் வாக்கு இதற்கே. 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகள் ஒன்றாகி நான்கு ஆட்டம் வரை இடம் தருகின்றன. நான்கணிப் படிநிலைக் குழுவின் ஆறு ஆட்டத்தில் நான்கு அதிலேயே முடியும், மீதி இரண்டு நவம்பரில். அதன் பிறகு 2026க்கு இருந்த அதே நான்கணிக் குழுக்கள், ஆனால் தொகுப்பைத் தரவரிசைக்குப் பதிலாகப் படிநிலை முடிவு தீர்மானிக்க வேண்டும்.

பின்வாசல் ஆட்டங்களை ஒரே நாட்டில் குவிக்கவும் கூடாது. 2025 அக்டோபரில் நான்காம் சுற்றைக் கத்தாரும் சவூதியும் நடத்தின. இரண்டும் தத்தம் குழுவில் முதலிடம். சவூதி 8ஆம் தேதியும் 14ஆம் தேதியும் ஆடியது, இந்தோனேசியா 8உம் 11உம், ஈராக் 11உம் 14உம். நடத்திய நாட்டுக்கே அதிக ஓய்வு. அடுத்த மாதம் ஈராக்கும் ஐக்கிய அரபு சிற்றரசுகளும் ஆடியது போல ஆளுக்கொரு சொந்த மண் ஆட்டம் வைத்தால், கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஓர் இடைவேளை.