பச்சை இலைக் குறி போட்ட புரிட்டோவா? கேட்காமல் வாங்காதீர்கள்

மெக்சிகன் கடை மெனுவில் பீன்ஸ் புரிட்டோவுக்கு (பீன்ஸை மெல்லிய ரொட்டியில் சுருட்டியது) பக்கத்தில் பச்சை இலைப் படம், அதாவது சைவம் என்ற குறி. "இதில் கறி உண்டா?" என்றால் "இல்லவே இல்லை" என்று பதில். பாதி காலியான பிறகு, பீன்ஸை எதில் வதக்கினார்கள் என்று துருவியபோதுதான் அடுப்படியிலிருந்து உண்மை வந்தது: பன்றிக்கொழுப்பு. "கொழுப்புதானே, கறி இல்லையே" என்பது மேனேஜரின் சமாதானம். பில்லில் ஒரு பைசா குறையவில்லை.

மெக்சிகன் சமையலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது தப்பே இல்லை. அதைத்தான் காலங்காலமாகச் சேர்க்கிறார்கள். அதற்குப் பச்சை இலை ஒட்டி விற்பதுதான் மோசடி. ரீஃப்ரைடு பீன்ஸ் என்றால் இரண்டு தடவை பொரித்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்பானிஷில் "ரெஃப்ரிதோஸ்" என்றால் நன்றாக வதக்கியது. வேகவைத்த பீன்ஸை மசித்துக் கொழுப்பில் வதக்குவார்கள். எண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு, ஆனால் நாக்கை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். குழம்பாக வரும் சர்ரோ பீன்ஸ் பக்கமே போகாதீர்கள், அதில் பேக்கன் துண்டுகளே கிடக்கும்.

அடுத்த பொறி, சிவப்புச் சோறு. அரிசியை எண்ணெயில் வறுத்து, அரைத்த தக்காளியும் கோழி வேகவைத்த சாறும் ஊற்றி வேகவிடுவது வழக்கம். "சிக்கன் ஸ்டாக் ஊற்றுவீர்களா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார்கள். ஊற்றியது வெறும் தண்ணீராக இருக்கும், கரைத்தது சிக்கன் கியூபாக (கோழிச் சுவையூட்டும் மசாலாக் கட்டி) இருக்கும்! கியூப், பொடி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். என்சிலாடா (சுருட்டிய ரொட்டி) மேல் ஊற்றும் சாஸுக்கும், மிளகாய் அரைத்துச் செய்யும் மோலே குழம்புக்கும் இதே கேள்விதான்.

புரிட்டோ சுருட்டும் ரொட்டியான மைதா டார்ட்டியாவிலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு பிசைகிறார்கள். சோள டார்ட்டியா அவ்வளவு வம்பில்லை: சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்ட சோளத்தை அரைத்த மாவு, தண்ணீர், வேண்டுமானால் உப்பு. ஆனால் சிப்ஸாகப் பொரித்து வந்தால், அதே எண்ணெயில் வேறென்ன பொரிந்தது என்று விசாரிக்க வேண்டும். சீஸில் விலங்கு ரென்னட் (பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது) கூடாது என்பவர்களுக்குப் பரிமாறுபவரின் வாய்வார்த்தை போதாது. பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம்.

வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேவில் ஏமாற்று வேறு மாதிரி. வெண்ணெய்ப்பழம் விலை ஏறினால் வேகவைத்த பச்சைச் சுரைக்காய் வகையை டொமாட்டியோவோடு (தக்காளி மாதிரியான புளிப்புப் பச்சைக் காய்) அரைத்து ஊற்றிவிடுவார்கள். கரண்டியால் கோடு இழுத்துப் பாருங்கள். அசல் என்றால் கோடு அப்படியே நிற்கும், திப்பித் திப்பியாக இருக்கும், நேரமானால் மேலே பழுப்பேறும். போலி வழவழவென்று ஓடிக் கோட்டை மூடிவிடும். வெண்ணெய்ப்பழச் சல்சா (சட்னி மாதிரி தொட்டுக்கொள்வது) என்று நீர்க்க ஒன்று நிஜமாகவே உண்டு. அதைச் சல்சா விலைக்குக் கொடுத்தால் சண்டை போடத் தேவையில்லை.

பரிமாறுபவர் உங்கள் கேள்வியை வாங்கிக்கொண்டு, அடுப்படியில் விசாரிக்காமலே நின்ற இடத்தில் "வெஜ்தான்" என்று தலையாட்டினால், பீன்ஸையும் சோற்றையும் விடச் சொல்லி, சோள டார்ட்டியாவில் வாட்டிய குடமிளகாயும் வெங்காயமும் கேளுங்கள். வாட்டுவது கறி வாட்டிய அதே தவாவிலா என்பதையும் சேர்த்து.