முறிந்த சாஃப்ட்டுக்கு எந்த இரும்பு? மைல்ட் ஸ்டீல், இஎன்8, இஎன்19, ஸ்டெயின்லெஸ்

காலபோக (மாரிக்கால நெற்செய்கை) உழவு தொடங்கிவிட்டால் எங்கள் லேத் பட்டறை வாசலில் முறிந்த சாஃப்ட்டோடு (சுழல்கிற தண்டு) யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். லான்ட்மாஸ்டரின் (இருசில்லு உழவு மிசின்) மண் கிளறும் றொட்டவேற்றர் சாஃப்ட், இறைப்பு மிசினின் பம்ப் சாஃப்ட், சூடடிக்கிற மிசினின் சாஃப்ட் என்று ஏதாவது ஒன்று. "அண்ணை, இனி முறியாத இரும்பாப் பாத்துக் கடைஞ்சு தாங்கோ" என்பார்கள். அப்படியொரு இரும்பு இல்லை என்று சொன்னால், இவன் மலிவாக முடித்துவிடப் பார்க்கிறான் என்ற பார்வை வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரும்பைத் தேர்வதற்கு முன்னர் பழையதை என்ன கொன்றது என்று பார்க்க வேண்டும். இரண்டு துண்டையும் கொண்டு வாருங்கள், முறிந்த முகத்தைத் தேய்க்காமல். அந்த முகத்தில் பெரும்பகுதி வழுவழுப்பாக, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகளைப்போல வளைவு வளைவாக இருந்து, ஓர் ஓரத்தில் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது ஒரே நாளில் முறிந்ததல்ல. சின்ன வெடிப்பொன்று பல நாட்களாக உள்ளே ஊர்ந்து, மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் கடைசியில் போயிருக்கிறது. வெடிப்பு தொடங்கிய இடம், கப்பியையோ பல்சில்லையோ சாஃப்ட்டோடு பூட்டுகிற கீ போடும் காடியின் மூலையாகவோ, விட்டம் குறைகிற படியின் கூரான மூலையாகவோதான் அநேகமாக இருக்கும். அந்தப் படியை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வளைவோடு கடைந்திருந்தால் அதே இரும்பே இன்னும் ஓடியிருக்கும். வலிமை கூடிய உருக்குகள் இந்தக் கூர்மூலைக்கு இன்னும் பயந்தவை. மூலையை அப்படியே விட்டுவிட்டு இஎன்19 என்ற விலை கூடிய உருக்கில் கடைவது காசை வயலில் விதைப்பதுதான்.

முறியாமல் வளைந்திருந்தால் கதை வேறு. இங்கேதான் நிறையப்பேர் பிழை விடுகிறார்கள். சுமை ஏறும்போது மட்டும் வளைந்து நடுங்குகிற சாஃப்ட்டுக்கு விலை கூடிய உருக்குப் போட்டால் நிமிர்ந்து நிற்கும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. விறைப்பு என்று பார்த்தால் மைல்ட் ஸ்டீலும் இஎன்19உம் ஏறத்தாழ ஒன்றுதான், ஸ்டெயின்லெஸ் இரண்டையும்விடச் சற்றுக் குறைவு. விட்டத்தை 25இலிருந்து 30 மில்லிமீற்றர் ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்காகும், வளைத்து முறிக்கிற சுமைக்கும் 1.7 மடங்கு தாங்கும். பேரிங்கும் அதன் கூடும் இடம் கொடுத்தால் அதைச் செய்யுங்கள். சுமை போன பிறகும் நிமிராமல் வளைந்தபடியே கிடந்தால் மட்டும்தான் நல்ல உருக்கைப் பற்றிக் கதைக்கலாம்.

சரி, இரும்புக்கு வருவோம்.

மைல்ட் ஸ்டீல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சுலபமாகக் கிடைக்கும், கடைய லேசு, எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 கிலோ அளவில் சுமை ஏறினால் நிரந்தரமாக வளையத் தொடங்கும். கரி (காபன்) குறைவு என்பதால் சூடாக்கி நீரில் முக்கினாலும் இறுகாது. ஊசி (பின்), வோஷர், கப்பிக்குச் சின்ன சாஃப்ட் இதற்கெல்லாம் இதுவே போதும், சில இடங்களில் இதுதான் வேண்டும், விலை கூடிய பல்சில்லு போகும் முன்னர் மலிவான ஊசி முறியட்டுமே. கறுப்புக் கம்பியைவிடப் பளபளப்பாக இழுத்த கம்பி நேராக இருக்கும், ஆனால் அதற்குள் இழுத்த இழுவை தங்கியிருக்கிறது. தொடக்க காலத்தில் ஒரு நீளமான சாஃப்ட்டில் ஒரு பக்கம் மட்டும் நீளக் கீ காடி வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வாழைப்பழம்போல வளைந்து கிடந்தது. அன்றைய கூலி போனது, பாடம் மிஞ்சியது.

இஎன்8 தான் என் வழக்கமான பதில். கரி சுமார் 0.4 சதவீதம், இழுத்து அறுக்க ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டும், சூடு காட்டிப் பதப்படுத்தி வந்த கம்பியென்றால் 70ஐத் தாண்டும். ஒயில் கசியாமல் தடுக்கிற சீல் உரசுகிற இடத்தை மட்டும் சூடாக்கி இறுக்கவும் முடியும். குறை வெல்டிங்கில் இருக்கிறது. தேய்ந்த இடத்தைக் குளிர்ந்தபடியே வெல்டிங் போட்டு நிரப்பினால் அதற்குப் பக்கத்தில் கண்ணாடிபோல இறுகிய இடங்கள் உருவாகும், கட்டிங் டூல் அதில் பட்டுப் பொடிபடும், வெல்டிங் முடிகிற ஓரத்திலேயே அடுத்த வெடிப்பும் தொடங்கும். முதலில் நன்றாகச் சூடாக்கி, போட்ட பின்னர் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டால் ஓரளவு தப்பலாம்.

இஎன்19 இதைவிட ஒரு படி மேல். குரோமியமும் மொலிப்டினமும் கலந்தது, பதப்படுத்தி வந்தால் 85 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அது வரும்வரை உழவு காத்திருக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வயலுக்குள் வைத்து முறிந்தால் யார் திருத்துவார்? வரம்போரம் கொண்டுவந்து ஒட்டித் தருகிற தம்பிக்கு அது இஎன்19 என்று தெரியாது, ஒட்டிய அடுத்த நாளே ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். திடீர் அடி விழுகிற இடத்தில், விட்டத்தைக் கூட்டவும் வழியில்லை என்றால் மட்டும் இதை எடுங்கள்.

பழைய லொறி அக்சிலைக் கடையலாமா என்று இப்போதும் கேட்கிறார்கள். யுத்தத்தின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் வேறு வழியில்லாமல் அப்படித்தான் வேலை நடந்தது, அந்தக் கைகளுக்கு மரியாதை. இன்று நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். மேல் தோல் இறுகியிருக்கும், உள்ளே ஊர்ந்த வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பார்த்தால் குத்துமதிப்பு ஒன்று கிடைக்கும்: மைல்ட் ஸ்டீல் நீளமான கோடாகப் பறக்கும், கரி கூடக்கூடப் பொறி பூவாகப் பிரியும்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். இதன் மேல் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பக்தி அளவு கடந்தது. "அதுதான் ஸ்ட்ரோங்" என்பார்கள். உண்மையில் 304 என்ற சாதாரண வகைக் கம்பி சதுர மில்லிமீற்றருக்கு 21 கிலோவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும், அதாவது மைல்ட் ஸ்டீலுக்கும் முந்தி. நீங்கள் அதற்குக் கொடுக்கிற காசு வலிமைக்கல்ல, துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. பூநகரிப் பக்கம் உவர்க்கிணறு, முல்லைத்தீவுக் கரை, ஆனையிறவு உப்புக்காற்று என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. அங்கேயும் 304 உப்புநீர் தேங்குகிற சீலுக்கு அடியில் ஊசிக்குத்துப்போலத் துளைபடும். 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், முழுக்கத் தப்பாது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டெயின்லெஸ் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 304, 316, மலிவான 200 வகை மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

கடைவதிலும் அது பிடிவாதக்காரன். டூலை ஒரே இடத்தில் உரசவிட்டால் மேற்பரப்பு இறுகிவிடும், அடுத்த முறை டூல் வழுக்கும். கூரான டூல், விடாமல் ஓடுகிற ஃபீட் (டூல் முன்னேறுவது), இறுகிய தோலுக்குக் கீழே போகிற வெட்டு, தாராளமாகக் குளிர்நீர், இந்த நான்கும் வேண்டும். ஸ்டெயின்லெஸ் மரையில் ஸ்டெயின்லெஸ் நட்டைக் கிறீஸ் இல்லாமல் முறுக்கினால் பிடித்துக்கொள்ளும், பிறகு வாளால் அறுப்பதுதான் வழி.

உவர்நீர் பம்ப்புக்கு நான் அதிகம் செய்வது வேறு: சாஃப்ட் இஎன்8, தண்ணீரும் சீலும் படுகிற இடத்தில் மட்டும் 316இல் ஒரு சிலீவ் (மேலே போடும் உறை). தேய்ந்தால் சிலீவை மட்டும் மாற்றலாம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. ஹைஸ்பீட் ஸ்டீல் டூலில் மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 28 மீற்றர், இஎன்8க்கு 22, இஎன்19க்கும் ஸ்டெயின்லெஸுக்கும் 15 என்று வையுங்கள். அதை 318ஆல் பெருக்கி மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தால் பிரித்தால் நிமிடத்துக்கான சுற்று வரும். 30 மில்லிமீற்றர் கம்பியென்றால் முறையே ஏறத்தாழ 300, 230, 160.

சாஃப்ட் சுழல்வதற்கு உள்ளே போடுகிற புஷ் பற்றிச் சுருக்கமாக. பித்தளை கடைய இனிது, ஆனால் உப்புநீரில் அதன் நாகம் (துத்தநாகம்) கரைந்து பஞ்சுபோலாகிவிடும். அங்கே வெள்ளீயம் கலந்த கன்மெட்டல்தான். நைலோன் மலிவு, சத்தமில்லை, ஆனால் தண்ணீரை உறிஞ்சி ஊதும். காய்ந்த பட்டறையில் சரியாகக் கடைந்த நைலோன் புஷ் சேற்றுக்குள் இரண்டு நாள் கிடந்தால் சாஃப்ட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆகவே இடைவெளியைக் கூட்டி விடுங்கள். எதுவானாலும் புஷ்தான் தேய வேண்டும், சாஃப்ட் அல்ல.

வரும்போது பேரிங்கையும் எடுத்து வாருங்கள். "30 தான் அண்ணை" என்று வாயால் சொன்னதை நம்பி நான் பேரிங் இருக்கை கடைய மாட்டேன், நீங்கள் அளந்தது தேய்ந்த சாஃப்ட்டை.