ஊரில் வளரும் பிள்ளைகளும் அமெரிக்க வரித் தாக்கலும்: எடிசனில் ஒரு வரி அலுவலகம்

பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெற்றோர் பலருக்கும், வரித் தாக்கல் நேரத்தில் அந்தப் பிள்ளைகளை டிபெண்டென்ட் (சார்ந்திருப்பவர்) என்று காட்டலாமா என்ற குழப்பம் வருகிறது. இதற்கு நேரான பதிலை எனக்குத் தந்தது, நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ சாலைக்கு அருகில் இயங்கும் ஒரு சிறிய வரி அலுவலகம். விளம்பரம் வேண்டாம் என்று அதை நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. எனினும் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால், எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

நான் எச்-1பி வேலை விசாவிலும் என் மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருக்கிறோம். மூத்த மகன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன், இந்தியக் குடிமகன், அமெரிக்க மண்ணை இன்னும் மிதித்ததில்லை. இளைய மகள் எடிசனில் பிறந்தவள். குடியுரிமையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அவளுக்கு உண்டு. 2024ஆம் ஆண்டு முழுவதும் இருவரும் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தார்கள். முதலில் நாங்கள் விசாரித்த வேறோர் இடத்தில், மூத்தவனுக்கு ஐடிஐஎன் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி அடையாள எண்) வாங்கிவிட்டால் இருவரையும் சேர்த்துப் பெரிய ரீஃபண்ட் எடுத்துத் தரலாம் என்றும், கிடைக்கும் ரீஃபண்டில் ஒரு பங்கு தங்களுக்கு என்றும் சொன்னார்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் போகவேண்டாம் என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் அமைப்பே எச்சரித்திருப்பதால், அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம்.

எடிசன் அலுவலகத்தில் மூத்தவனைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி அமெரிக்கவாசியாகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் இந்தியக் குடிமகன் இவற்றில் எதிலும் அடங்கமாட்டான். அமெரிக்காவில் வசிக்காத கணவனையோ மனைவியையோ அமெரிக்கவாசியாகக் கருதும்படி கூட்டு அறிக்கையில் தெரிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகளுக்கு அந்த வழி கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன என்றார் அலுவலகத்தை நடத்துபவர். மேலும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் வருமானத்தில் கழிக்கப்பட்டுவந்த தனிநபர் விலக்குத் தொகை 2018 முதல் இல்லாமற்போனதால், வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்கு ஐடிஐஎன் கேட்டு விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் கிடைக்காது. மகன் ஜூலை தொடக்கத்துக்குள் இங்கே வந்து ஆண்டு முடியும் வரை தங்கி அமெரிக்கவாசியாகக் கருதப்படுவதற்கான 183 நாள் கணக்கை நிறைவு செய்தால், அந்த ஆண்டு அவன் பேரில் 500 டாலர் வரிக்கழிவு (கட்ட வேண்டிய வரியிலிருந்தே குறையும் தொகை) கேட்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால் குழந்தைகளுக்கான முழு வரிக்கழிவு அப்போதும் கிடைக்காது.

மகளின் விஷயத்தில்தான் அவருடைய திறமை தெரிந்தது. குடியுரிமை இருப்பதால் குழந்தைகளுக்கான வரிக்கழிவாக 2,000 டாலர் தானாக வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2025ஆம் ஆண்டுக்கு அத்தொகை 2,200 ஆக உயர்ந்தது. ஆனால் குழந்தை ஆண்டில் பாதிக்கு மேல் பெற்றோருடன் ஒரே வீட்டில் வசித்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே குறுக்கிடுகிறது. படிப்பு, மருத்துவம், விடுமுறை போன்ற தற்காலிகப் பிரிவுகளை உடன் வசித்ததாகவே சட்டம் கருதினாலும், திரும்பி வரும் நாள் தீர்மானிக்கப்படாத, பள்ளிக்கே போகாத குழந்தையின் நீண்ட தங்கலை அப்படிச் சொல்லித் தான் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இத்தகைய வரிக்கழிவுகளுக்கு, விசாரித்து உறுதிசெய்ததாக 8867 படிவத்தை அறிக்கை தயாரிப்பவரே நிரப்ப வேண்டும். விதிகளைப் பொருட்படுத்தாமல் பொய்யாகக் கேட்டிருந்தால் அந்தக் கழிவு 2 ஆண்டுகளுக்கும், மோசடி என்று தெரிந்தால் 10 ஆண்டுகளுக்கும் நமக்கு மறுக்கப்படும்.

அதோடு விட்டுவிடாமல், தகுதியுள்ள உறவினர் என்ற இன்னொரு பிரிவில் அவளைக் காட்ட முடியும் என்று அவரே எடுத்துச் சொன்னார். பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பிரிவில் உடன் வசிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் நாங்கள் கொடுத்திருக்க வேண்டும். வங்கி வழியாக அனுப்பிய பணம், தடுப்பூசி ரசீது, பால் கணக்கு என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். ஸ்ரீரங்கத்து வீடு என் மாமனாருக்குச் சொந்தமானது என்றதும், வாடகைக்கு விட்டால் அது எவ்வளவு பெறும், அதில் குழந்தையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அத்தொகையைத் தாத்தாவின் பங்களிப்பாக எழுதினார். சொந்த வீட்டுக்கு வாடகை போடுவார்கள் என்பது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. அப்படிக் கழித்த பிறகும் எங்கள் பங்கு பாதியைத் தாண்டியதால் 500 டாலர் வரிக்கழிவும், நியூ ஜெர்சி மாநில அறிக்கையில் 1,500 டாலர் விலக்கும் கிடைத்தன. முதலில் விசாரித்த இடத்தில் காட்டிய ஆசையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனால் நாளைக்குக் கடிதம் வந்தாலும் காட்டுவதற்குக் காகிதம் இருக்கிறது.

மனைவிக்கான ஐடிஐஎன் வேலையும் இங்கேயே முடிந்தது. இவர் ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிப்பு முகவர் என்பதால், மூல பாஸ்போர்ட்டை டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கண்ணெதிரிலேயே சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. மார்ச் மாதத்தில் நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு. மின்னஞ்சலுக்குப் பதில் வரத் தாமதமாகிறது. அவசரமென்றால் நேரில்தான் போக வேண்டும். கட்டணம் படிவத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதித் தந்துவிடுகிறார்கள், ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்பதைவிடச் சற்று அதிகம். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ள, பிள்ளைகள் உடனிருக்கும் குடும்பம் இவரிடம் வரத் தேவையில்லை. பிள்ளைகள் ஊரில் இருப்பவர்கள், பணம் அனுப்பிய விவரங்களையும் செலவு ரசீதுகளையும் ஜனவரியிலேயே சேர்த்துவைத்து, பிப்ரவரிக்குள் போய்விடுவது நல்லது.