அஸ்திவார வடிகால் என்று சொல்லி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள்

தாம்பரம், முடிச்சூர் பக்கம் சொந்தமாகப் பொருள் வாங்கி, ஆள் வைத்து வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எல்லோருக்கும் தண்ணீர் பயம் உண்டு. அந்தப் பயத்தை வைத்தே சிலர் பிழைக்கிறார்கள்.

எங்கள் மனை களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதனால் அஸ்திவாரத்தைச் சுற்றி வடிகால் போடும் வேலையை மட்டும் பொருளோடு சேர்த்து ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். துளைக் குழாய், சுற்றிலும் முக்கால் இன்ச் ஜல்லி, மண் புகாமல் இருக்க வடிகட்டும் துணி, கடைசியில் தண்ணீர் சேரும் தொட்டி, அதில் மோட்டார். பேச்சு இதுதான். தெருக் கால்வாய் எங்கள் அஸ்திவாரத்தைவிட மேட்டில் இருப்பதால் தொட்டியும் மோட்டாரும் இல்லாமல் தண்ணீர் வெளியேற வழியே கிடையாது.

ஐப்பசி மழையில் உள்சுவரின் அடியில் ஈரம் ஏறியது. அப்புறம் பெயின்ட் உரிந்து உப்புப் பூத்தது. வேறொரு மேஸ்திரியை வைத்துத் தோண்டினோம். துணியே இல்லை. ஜல்லி மேலாக ஒரு சாண் மட்டும். அதற்குக் கீழே உடைந்த செங்கல்லும் தோண்டிய அதே களிமண்ணும். குழாயின் துளைகள் வானத்தைப் பார்த்து இருந்தன. அவை கீழே பார்த்திருந்தால்தான் ஊறி வரும் தண்ணீர் குழாயின் அடிமட்டத்திலேயே உள்ளே புகுந்து ஓடும். எங்களை உலுக்கியது கடைசியில் பார்த்ததுதான்: குழாய் தொட்டிக்குப் போகவே இல்லை, மண்ணுக்குள் பாதியில் நின்றிருந்தது. ஆக, மழைத் தண்ணீரை அஸ்திவாரத்தின் காலடியிலேயே தேக்கி வைக்கத்தான் அந்த கான்ட்ராக்டர் பணம் வாங்கியிருக்கிறார்.

கேட்டதற்கு "களிமண்ணில் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். பள்ளத்தின் படங்களை அனுப்பியதிலிருந்து போனை எடுப்பதில்லை.

பள்ளத்தை மூடும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். குழாய்க்கு நூறு அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் (சரிவு) இருக்கிறதா என்று டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜல்லி கொட்டும் முன் குழாயின் மேட்டு முனையில் ஹோஸ் வைத்துத் தொடர்ந்து தண்ணீர் விடுங்கள். அது தொட்டியில் வந்து விழுவதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கூடை மண்கூடத் தள்ள விடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.