குளோபல் ஃபிஷிங் வாட்ச்: அமைச்சர் மேசையில் விரித்து வைக்க வேண்டிய வரைபடம்

கடல் ஆராய்ச்சி செய்வதைவிட, அதை முடிவெடுக்கிறவர்கள் காதில் போடுவது கஷ்டம். நூறு பக்க அறிக்கையை யார் புரட்டுகிறார்கள்? அந்த வேலைக்கு நான் பார்த்ததிலேயே நல்ல கருவி, கடலில் எங்கே மீன்பிடி நடக்கிறது என்று காட்டும் குளோபல் ஃபிஷிங் வாட்ச் வரைபடம்தான். 2016-ல் வந்தது, இணையத்தில் இலவசம்.

கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, ஏ.ஐ.எஸ். கருவி வழியாகத் தாங்கள் இருக்கும் இடத்தை அறிவித்தபடியே போகும். அந்தச் சிக்னலைச் செயற்கைக்கோள் பிடிக்க, வேகத்தையும் திரும்புகிற விதத்தையும் வைத்து, மீன் பிடிக்கிறதா சும்மா போகிறதா என்று கணினி கணிக்கிறது. மீன்பிடி நடக்கிற இடம் இருண்ட வரைபடத்தில் ஒளிரும்.

முதலில் ஃபீனிக்ஸ் தீவுகளைப் பாருங்கள். பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டுடைய, நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான பாதுகாப்புப் பகுதி. 2015 ஜனவரி 1 முதல் அங்கே வணிக மீன்பிடிக்குத் தடை வந்தது. கீழே உள்ள காலக்கோட்டை 2014-லிருந்து மெதுவாக நகர்த்தினால், உள்ளே மின்னிக்கொண்டிருந்த புள்ளிகள் தடை வந்ததும் கிட்டத்தட்ட அணைந்துபோகும். ஆனால் தடைக்கு முந்தைய மாதங்களையும் விடாமல் பாருங்கள். தடை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டதுமே அங்கே மீன்பிடி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று இதே தரவை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அறிவித்துவிட்டு அமலுக்கு நாள் கடத்தினால் கடலுக்குத்தான் நஷ்டம் என்று புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, குறை? பெரிய குறையே உண்டு. சின்னப் படகுகளில் பெரும்பாலும் ஏ.ஐ.எஸ். இருக்காது, பெரிய கப்பல்களும் அணைத்துவைக்கலாம். செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் சுமார் முக்கால்வாசி பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்று கண்டார்கள். அதனால் இருட்டாக இருக்கிற இடத்தைக் காட்டி 'எங்கள் கடலில் பிரச்சினை இல்லை' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ரேடாரில் பிடிபட்ட கப்பல்களைக் காட்டும் அடுக்கையும், இரவில் படகு விளக்குகளைக் காட்டும் அடுக்கையும் வரைபடத்தில் கூடவே போட்டுக் காட்டுங்கள். 2017-ல் வடகொரியக் கடலில் கணவாய் பிடித்த 900-க்கும் மேற்பட்ட சீனக் கப்பல்கள் இப்படிப் பல வகைப் படங்களைச் சேர்த்துப் பார்த்ததால்தான் தெரியவந்தன.

அப்புறம், 2021-ல் கிரிபாட்டி அரசு ஃபீனிக்ஸ் தீவுகளில் போட்ட அந்தத் தடையை விலக்க முடிவெடுத்தது. மீன்பிடி உரிமத்தில் வரும் பணம் அந்த நாட்டுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்தும் எனக்கு அது தாங்கவில்லை. வரைபடத்தைக் காட்டப் போகிறவர்கள் வருமானக் கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.